இறங்கியபின் அல்ல, இறங்கும்போது

இன்று காலை ஏழாம் வார்ட்டிலிருந்து வந்த காகிதக் கட்டை அவிழ்த்தேன். ஸ்பிரிட்டும் ஈரத் துணியும் கலந்த அந்த வாசம் குப்பென்று எழுந்தது. இத்தனை வருடப் பழக்கத்தில் அது என் மூக்குக்குத் தெரியாமலே போயிருந்தது. இப்போது மூன்று வாரங்களாகத் திரும்பவும் தெரிகிறது. மூன்று வாரங்களுக்கு முன் இதே மாதிரிச் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டுக்குள், மேலிருந்து ஆறாவதாக, உங்கள் டிக்கட் என் மேசைக்கு வந்தது.

உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. நீங்கள் என் மேசைக்கு எதிர்க் கதிரையில் இருந்த காலத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். துணிவு வரவில்லை. இப்போது துணிவு வந்துவிட்டதென்றும் சொல்ல மாட்டேன்; களைப்புத்தான் வந்திருக்கிறது. ஒரு விஷயத்தை மறைத்து வைத்துக்கொண்டு திரிவதும் ஒரு வேலைதானே. அந்த வேலைக்கு இனி எனக்குத் தெம்பில்லை.

டிக்கட் என்றால் வெளியாட்கள் பஸ் டிக்கட்டை நினைப்பார்கள். நமக்கு அது நோயாளியின் கட்டில் தலைமாட்டில் தொங்குகிற காகிதக் கட்டு. வைத்தியர் எழுதுவது, தாதி எழுதுவது, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் அதில்தான். ஆளை வீட்டுக்கு அனுப்பினால் "டிக்கட் வெட்டியாச்சு" என்பார்கள். வெட்டிய டிக்கட்டும், வெட்டாமலே முடிந்துபோன டிக்கட்டும் கடைசியில் நம் ஆவண அறைக்குத்தான் வரும். நீங்களும் நானும் அவற்றைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கணினியில் ஏற்றி, கொழும்புக்கு அனுப்புவோம். "நீங்க என்ன வேல செய்ற எண்டு ஊட்டுக்கு வாற ஆக்கள் கேட்டா நான் என்னத்தச் சொல்ற? மனிசர இலக்கமாக்குற எண்டா பயந்துருவாங்க" என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தீர்கள்.

விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு இரண்டு எண். என்ன உடைந்தது என்பதற்கு ஒன்று. எதனால் உடைந்தது என்பதற்கு இன்னொன்று. முதலாவது சுலபம். கால் முறிந்தால் முறிந்ததுதான், எக்ஸ்ரே சொல்லிவிடும். இரண்டாவதில்தான் நம் உயிர் போகும். நடந்து போனவரா, மோட்டார் சைக்கிளில் போனவரா, பஸ்ஸில் இருந்தவரா? ஓட்டினாரா, பின்னால் இருந்தாரா, ஏறும்போதா, இறங்கும்போதா? எல்லாவற்றுக்கும் வேறு வேறு எண். வைத்தியர்களோ, பாவம், நிற்க நேரமில்லாமல் 'வீதி விபத்து' என்பதை மூன்று ஆங்கில எழுத்தாகக் கிறுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

அப்படி வரும் டிக்கட்டுக்கும் நம் எண் புத்தகத்தில் ஓர் எண் இருக்கிறது: வி எண்பத்தொன்பது புள்ளி இரண்டு. என்ன வாகனம், எப்படி நடந்தது, ஒன்றும் தெரியாத விபத்து என்று பொருள். அதைப் போட்டால் பிழையென்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு அந்த எண்ணைக் கண்டாலே ஆகாது. "எண்பத்தொம்பது எண்டா என்ன புள்ள? நான் தேடிப் பாக்கல்ல எண்டுதான் அர்த்தம்" என்பீர்கள். வைத்தியர் எழுதாததைத் தாதி எழுதியிருப்பார் என்று பின்பக்கங்களைப் புரட்டுவீர்கள். கோழி கிளறியது போன்ற சிங்களக் கையெழுத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிடுவீர்கள். அங்கேயும் இல்லாவிட்டால், ஆள் கிளினிக்குக்கு வரும் திகதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்றைக்குப் போய் வரிசையில் நிற்பவரிடமே கேட்பீர்கள். கேட்டதோடு விடவும் மாட்டீர்கள். வைத்தியரைப் பிடித்து டிக்கட்டில் ஒரு வரி எழுதி வாங்கின பிறகுதான் எண் போடுவீர்கள். "எங்களுக்குத் தெரிஞ்சது செல்லாது. டிக்கட்ல எழுதீக்கிறதுதான் செல்லும்" என்பது உங்கள் சட்டம்.

நம்மை ஒரே மேசையில் எதிரெதிராக இருத்திய முதல் மாதம் நினைவிருக்கிறது. நீங்கள் மடவளையிலிருந்து வந்தீர்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நான் அப்போது குண்டசாலையில் வாடகைக்கு இருந்தேன். இருவரும் பேசியது தமிழ்தான். ஆனாலும் பாதி நாள் இவங்க என்ன சொல்றாங்க என்று விழித்துக்கொண்டிருப்பேன். ஒரு காலையில் வந்ததும் வராததுமாக, வாயெல்லாம் பல்லாக, "எங்கட தாத்தாவுக்குப் புள்ள கெடச்சீக்கி!" என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ கடவுளே, இந்த வயசுலயா? பாட்டி ஒண்ணும் சொல்லலயா?" என்று கேட்டுவிட்டேன். உங்கள் வீட்டில் தாத்தா என்றால் அக்கா என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் மேசையில் கவிழ்ந்து சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டி ஒரு டிக்கட் நனைந்தது. இரண்டு பேரும் அதை மின்விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு இருபது வருடம். ஒருவர் சோற்றை ஒருவர் தின்றோம். 'நீங்க'வை மட்டும் கடைசிவரை விடவில்லை.

புட்போர்டுக்காக ஒரு வாரம் சண்டை போட்டோமே, அதையும் நினைத்துக்கொள்கிறேன். பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கி வந்து விழுந்த ஒருவர். மிதிபலகையில் நின்றவர் வாகனத்துக்கு வெளியே இருந்தவர் என்று புத்தகம் சொல்கிறது. நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. "வெளியயா? கட்டுகஸ்தோட்ட பஸ்ல ஒரு நாள் ஏறிப் பாக்கச் சொல்லுங்க அவங்கள. புட்போர்ட்ல ஒரு கால் வெக்க எடம் கெடச்சா அந்த மனிசன் உள்ளுக்குத்தான் ஈக்கிறான்!" நான் புத்தகத்தைக் காட்டினேன். நீங்கள் புத்தகத்தை மூடினீர்கள். பிறகு நீங்களே திறந்து, முச்சக்கர வண்டிக்கெனத் தனியாக ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார்களே, அதற்காக மன்னித்துவிடலாம் என்று சொல்லி, புத்தகம் சொன்ன எண்ணையே போட்டீர்கள்.

அந்தப் பிடிவாதம் எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. விபத்து டிக்கட்டுகள் உங்கள் பங்காக இருந்தவரை எனக்கு அது தெரியவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் நம் அறையில் இருவர் ஓய்வுபெற்றார்கள். பதிலுக்கு ஆள் வரவில்லை. வேலையைத் திரும்பப் பிரித்ததில் சத்திர சிகிச்சை வார்ட்டுகள், அதாவது விபத்தெல்லாம், என் பக்கம் வந்தன. உங்களுக்கு மருத்துவ வார்ட்டுகளும் பிள்ளைகள் வார்ட்டும். காலையில் அலுமாரியின் மேல்வரை அடுக்கியிருக்கும். மாலையில் எண்ணிப் பார்த்தால் குறைந்திருக்காது, கூடியிருக்கும். என் முழங்காலும் அப்போதுதான் மக்கர் பண்ணத் தொடங்கியது. இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் அதே இரண்டு பஸ்.

முதல் எண்பத்தொன்பதை எந்த நாளில் போட்டேன் என்று நினைவில்லை. சாக்குத் தேடவில்லை, உண்மையாகவே நினைவில்லை. முன்பக்கத்தில் வெறும் மூன்று எழுத்து. பின்பக்கத்தில் நான்கு தாள் நிறையத் தாதியின் எழுத்து. படித்திருக்கலாம். படிக்கவில்லை. ஒன்றைப் போட்டால் இரண்டாவது தானாக வரும். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். பிறகு பின்பக்கத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து ஆஸ்துமாப் பிள்ளை ஒன்றின் டிக்கட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். நான் இந்தப் பக்கம் ஒரு மணித்தியாலத்தில் ஒரு கட்டை முடித்துவிடுவேன். "என்ன புள்ள, இப்ப நல்ல வேகம்" என்று ஒரு நாள் பாராட்டினீர்கள். தலையைத் தூக்காமல் சிரித்து வைத்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதுதான் அந்த ஒன்று.

போன வருடம், நோன்பு முடிந்த அடுத்த வாரம். மதியச் சோற்றுக்குப் பிறகு கை கழுவிவிட்டு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றீர்கள். "பஸ்ஸால எறங்கக்குள்ள விழுந்த ஆக்கள், மடவளப் பக்கத்து ஆக்கள் மட்டும், எத்தின பேர் எண்டு பாத்துச் சொல்லுங்களே" என்றீர்கள். எதற்கு என்று கேட்டேன். உங்கள் ஊரில் பஸ் நிற்கிற ஹோல்ட் ஒரு வளைவில் இருக்கிறது என்றீர்கள். அங்கே பஸ்ஸை நிறுத்துவதே இல்லை, உருட்டிக்கொண்டேதான் இறக்குகிறார்கள். பக்கத்தில் கொங்கிரீட் வடிகான் வேறு. ஹோல்ட்டை வளைவுக்கு இந்தப் பக்கம் மாற்றச் சொல்லி ஊரில் ஒரு கடிதம் எழுதுகிறார்கள். "வெறும் வாயால சொன்னா எடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரில இத்தின பேர் வந்தீக்கி எண்டு காட்டினா எடுப்பாங்கதானே."

கணினியில் தேடினேன். இறங்கும்போது விழுந்தவருக்குரிய எண்ணில் ஒருவர்கூட இல்லை.

"ஒருத்தரும் இல்லைங்க" என்றேன்.

"ஒருத்தரும் இல்லயா? எங்கட ஒழுங்கைல ஒரு மனிசி, கை ஒடஞ்சு, இங்கதானே வந்த?"

"வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க" என்றேன்.

அந்தப் பெண்மணி இங்கேதான் வந்தார். அவர் டிக்கட் என் கையால்தான் போனது. கேட்ட அந்த நிமிடத்திலேயே எனக்கு அது ஞாபகம் வந்தது: வலது கை, மடவளை, எண்பத்தொன்பது. எழுந்து போய் எடுத்திருந்தால் அரை மணித்தியால வேலை. அவரோடு மற்றவர்களையும் தேடியிருந்தால் ஒரு வார வேலை. ஆனால் எடுத்தால், ஏன் அந்த எண்ணைப் போட்டேன் என்று உங்களிடம் சொல்ல வேண்டி வரும். உங்கள் முன்னால் வெட்கப்பட எனக்கு மனமில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று எத்தனையோ நாள் தேடிவிட்டேன்.

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு உங்கள் கதிரைக்குப் போனீர்கள். கடிதம் எண் இல்லாமல் போனது. பதில் வரவில்லை என்று இரண்டு மாதம் கழித்துச் சொன்னீர்கள். பேச்சை மாற்றினேன்.

பிறகு போன மாதம் ஒரு திங்கட்கிழமை நீங்கள் வேலைக்கு வரவில்லை. பதினொரு மணிக்குச் சிற்றூழியர் ஒருவர் ஓடிவந்து, உங்களை ஏழாம் வார்ட்டில் சேர்த்திருக்கிறார்கள் என்றார். சந்தைக்குப் போய்த் திரும்பும்போது உங்கள் ஹோல்ட்டில் விழுந்துவிட்டீர்களாம். பகல் பார்வையாளர் நேரத்துக்கு வந்தேன். தலையில் கட்டு, ஒரு கண் வீங்கியிருந்தது, ஆனால் பேச்சில் ஒரு குறையும் இல்லை. என்னைக் கண்டதும், "வாங்க புள்ள. இவ்வளவு காலமும் டிக்கட் பாத்த, இப்ப டிக்கட்டுக்குக் கீழ படுத்தீக்கிறன்" என்றீர்கள்.

"எப்படிங்க விழுந்தீங்க?"

"எறங்கக்குள்ள எடுத்துட்டான். ஒரு கால் கீழ, ஒரு கால் மேல. கைல மரக்கறிப் பை. கான்ல தல அடிபட்ட."

"நோவுதா?"

"நோவு கெடக்கட்டும். என்ட டிக்கட் ஒங்கட மேசைக்குத்தான் வரும். கொண்டக்டர் என்னைக் கொண்டு வந்து போடக்குள்ள வேற கத சொல்லிட்டுப் போனான், எனக்குக் கேட்ட. நான் எறங்கி முடிஞ்சு ரோட்டுக்குப் பாயல்ல. எறங்கக்குள்ள. விளங்கினா?" என்று என் விரல்களைப் பிடித்தீர்கள். பிறகு வீங்காத கண்ணைச் சிமிட்டி, "எண்பத்தொம்பது போட்டிராதீங்க, என்ன?" என்றீர்கள்.

வேடிக்கைதான் பண்ணினீர்களா, அல்லது எல்லாம் தெரிந்துதான் சொன்னீர்களா? எப்போதிருந்து தெரியும்? அந்தக் கடித நாளிலிருந்தா? என் வாய் வரைக்கும் வந்தது. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். நாளைக்கு வந்து பேசிக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன். மறுநாள் நான் வந்தபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. அதற்கு மறுநாள் விடிந்தபோது நீங்களும் இல்லை.

ஜனாஸாவுக்கு வந்தேன். பெண்கள் இருந்த அறையில் எனக்கும் ஒரு கதிரை போட்டார்கள். உங்கள் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். வெளியே ஆண்கள் பேசிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. பஸ்ஸால் இறங்கி, முன்பின் பார்க்காமல் ரோட்டைக் கடக்கப் பாய்ந்து, அதே பஸ்ஸில் அடிபட்டுவிட்டாராம். அவசரக் குணமாம். பொலிஸிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். "உம்மா அப்பிடிப் பாயிற ஆளில்ல ஆன்டி" என்றாள் மகள். எனக்குத் தெரியும் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஹோல்ட்டைப் பற்றி வாயைத் திறந்தால் அந்தக் கடிதமும் வரும், கடிதம் வந்தால் நானும் வருவேன். அவள் முதுகைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன். சீ, என்ன மனுஷி நான் என்று பஸ்ஸில் வரும்போது என்னையே திட்டிக்கொண்டேன்.

உங்கள் டிக்கட் வரும்வரை ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கும்போது முதலில் உங்கள் பெயரைத்தான் தேடுவேன். வந்தது. முன்பக்கத்தில் பயிற்சி வைத்தியரின் கையெழுத்தில், பாதசாரி, பஸ் மோதியது என்று இருந்தது. பின்பக்கங்களைத் திருப்பினேன். உங்களுக்காகவாவது திருப்பினேன். தாதி சிங்களத்தில் எழுதியிருந்தார், கொண்டக்டர் சொன்னபடியே: பஸ் எக்கென் பெஹலா. பஸ்ஸிலிருந்து இறங்கிய பின். பஹித்தி என்று எழுதியிருந்தால் இறங்கும்போது. ஒரு சொல்லின் வால்தான் வித்தியாசம். அந்த வாலில் நீங்கள் பஸ்ஸில் வந்த பயணியா, பார்க்காமல் ரோட்டுக்குப் பாய்ந்த பாதசாரியா என்பது இருந்தது.

பாதசாரி என்று போட்டால் டிக்கட்டின்படி சரி. எண்பத்தொன்பது போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததைப் போட்டால் அது உங்கள் சட்டத்துக்கே விரோதம். டிக்கட்டை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏழாம் வார்ட்டுக்கு நடந்தேன்.

அந்தப் பயிற்சி வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வார்ட்டின் மூலையில் நின்றபடியே பணிஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டிக்கட்டைக் காட்டி, இது எப்படி எழுதப்பட்டது என்று கேட்டேன்.

"பொலிஸ் தாளில அப்பிடித்தான் கிடந்தது அக்கா. அதைப் பார்த்து எழுதினனான். ஏன்?"

"நீங்க அவங்ககிட்ட பேசினீங்களா டாக்டர்? அன்னைக்கு அவங்க நல்லாப் பேசிக்கிட்டு இருந்தாங்களே."

"ஓம், பேசினனான். தையல் போடேக்க முழுக்கக் கதைச்சுக்கொண்டுதான் கிடந்தவ." பணிஸைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இறங்கேக்க பஸ்ஸை எடுத்துப்போட்டான் எண்டு சொன்னவ. ரெண்டு மூண்டு தரம் சொன்னவ. எனக்கு அது ஒரு வித்தியாசமாப் படேல்ல."

"எறங்கும்போதுன்னு சொன்னாங்களா? எறங்கின பிறகுன்னு இல்லையே?"

"இல்லையில்லை. இறங்கேக்க. வடிவா நினைவிருக்கு." பிறகு சொன்னார்: "அவ போய்ச் சேர்ந்திட்டா அக்கா. இப்ப இதை மாத்தி என்ன வரப்போகுது?"

"அவங்க எனக்கு எதிர்க் கதிரை, டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது, வார்ட் நடுவில். அந்தப் பிள்ளை பணிஸைப் பையில் வைத்துவிட்டு, கையைத் துடைத்து, டிக்கட்டை வாங்கினார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பஸ் எடுக்கப்பட்டதால் விழுந்ததாக நோயாளி தம்மிடம் கூறினார், முன்னைய குறிப்புப் பொலிஸ் தாளைப் பார்த்து எழுதப்பட்டது என்று இரண்டு வரி எழுதி, திகதி போட்டு, முத்திரை குத்தினார். "அவவின்ர ஆக்களிட்டச் சொல்லுங்கோ, நான் கவனிக்காமல் விட்டிட்டன் எண்டு" என்றார். நீங்கள் எறங்கக்குள்ள என்றதை அவர் இறங்கேக்க என்று காதில் வாங்கி வைத்திருந்தார். நான் எறங்கும்போது என்று கேட்டேன். மூன்று பேர் சொன்னதும் ஒன்றுதான். டிக்கட்டில் ஏறத்தான் இவ்வளவு நாள்.

அன்று மாலை உங்களுக்குரிய எண்ணைப் போட்டேன். வி எழுபத்தெட்டு புள்ளி நான்கு. பஸ் பயணி, ஏறும்போது அல்லது இறங்கும்போது. முதல் தடவை தவறாக அடித்து அழித்தேன்.

பிறகு உங்கள் மகளுக்கு ஃபோன் பண்ணினேன். உம்மா என்னிடம் சொன்னதையும் வைத்தியர் எழுதியதையும் சொன்னேன். "அப்ப உம்மா பாயல்ல" என்றாள். "இல்லம்மா, பாயல" என்றேன். அவள் அழுதாள், ஜனாஸா அன்று அழுத அழுகை இல்லை இது, கொஞ்சம் ஆறின அழுகை. ஃபோனை வைக்கப் போகும்போது கேட்டாள்: "ஆன்டி, அந்த ஹோல்ட் கடிதத்த நான் திரும்ப எழுதப் போறன். உம்மாக்கு முன்னுக்கு எத்தின பேர் விழுந்தீக்கி எண்டு பாக்க ஏலுமா?"

கணினியில் பார்த்தேன். அந்த எண்ணில், உங்கள் ஊரில், இரண்டு வருடத்திலும் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அது நீங்கள். உங்களுக்கு முன் அங்கே யாருமே விழவில்லை என்று அது சொன்னது.

அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகு பழைய டிக்கட்டுகளை இறக்கிக்கொண்டிருக்கிறேன். மடவளை முகவரி, எண்பத்தொன்பது; அதுதான் தேடுவது. ஏணியில் ஏற முழங்கால் விடுவதில்லை. கீழ்த் தட்டுகளை நானே எடுக்கிறேன், மேல்தட்டுக்குச் சிற்றூழியரைக் கெஞ்சுகிறேன். நம் பொறுப்பதிகாரி வந்து பார்த்தார். போன வருட அறிக்கை போய்விட்டது, அதை இனி யாரும் திறக்க மாட்டார்கள், ஏன் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறீர்கள் என்று சிங்களத்தில் பரிவாகத்தான் கேட்டார். சரி சேர் என்றேன். அவர் போனதும் அடுத்த கட்டை அவிழ்த்தேன். பின்பக்கங்களை வாசிக்கிறேன். கண் எரிகிறது. பெரும்பாலானவற்றில் தாதிமார் எழுதித்தான் இருக்கிறார்கள், பஹித்தி, பஹித்தி என்று. எழுதாதவற்றுக்குக் கிளினிக் வரிசையில் போய் நிற்கிறேன். உங்கள் அளவுக்கு எனக்கு ஆட்களிடம் பேச வராது, ஆனாலும் கேட்கிறேன்.

அலுப்பாகத்தான் இருக்கிறது. நீங்கள் இதை எப்படி இருபது வருடம் சிரித்துக்கொண்டே செய்தீர்கள் என்று விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பும் வருவதில்லை. ஒவ்வொரு டிக்கட்டையும் திருத்தி முடிக்கும்போது, அப்போதே இதைச் செய்திருந்தால் என்று தொடங்கும். அதை முடிக்க விடாமல் அடுத்ததை எடுப்பேன். இதுதான் இனி என்னோடு வரப்போவது. வரட்டும், வேறு யார் சுமப்பது.

நேற்றோடு உங்கள் ஹோல்ட்டில் பதினொரு பேர். கை ஒடிந்த அந்தப் பெண்மணி நான்காவது. நீங்கள் பன்னிரண்டாவது. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு மடவளைக்குப் போய், அந்த எண்ணை உங்கள் மகள் கையில் கொடுக்கப் போகிறேன். கெட்டிக்காரப் பிள்ளை, உங்களைப் போல. உம்மா கேட்டபோதே இது இருந்ததா ஆன்டி என்று கேட்பாள்.

இருந்தது என்று சொல்லப் போகிறேன்.